ஐந்து துண்டாக வந்த கல்யாண டிவிடி: ஒரு நிகழ்வு ஆய்வு

துண்டு துண்டாகப் பிரித்து வைத்த டிஸ்க் இமேஜை, அதாவது ஒரு டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அப்படியே படியெடுத்த ஃபைலை, சேர்த்து டிவிடியில் ரைட் செய்யும்போது வரும் கோளாறுகள் பெரும்பாலும் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். ஃபைல் திறக்காது, அளவு குறையும், இல்லாவிட்டால் ரைட் செய்யும் மென்பொருளே ஏற்காது. இந்தக் கோளாறு அப்படிக் காட்டிக்கொடுக்கவில்லை. அளவு சரி, ரைட் சரி, வெரிஃபை சரி. டிவிடி மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. காரணத்தை எப்படிப் பிடித்தோம் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஸ்டூடியோக்களின் பழைய ஹார்டு டிஸ்க்குகளில் இதே மாதிரி துண்டுகளாகக் கிடக்கும் கல்யாணங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

வந்த பொருள்

2011-இல் நடந்த கல்யாணம். குடும்பத்திடம் இருந்த டிவிடி கீறல் விழுந்து ஓடாமல் போய்விட்டது. வீடியோ எடுத்த ஸ்டூடியோவில் அதன் இமேஜ் இருந்தது, ஆனால் ஐந்து துண்டுகளாக. மணப்பெண்ணின் தம்பி அதைப் பென் டிரைவில் வாங்கி வந்து, வீட்டுக் கணினியில் சேர்த்து ரைட் செய்திருந்தார். அம்மாவுக்கு டிவியோடு இருக்கும் டிவிடி பிளேயர்தான் பழக்கம் என்பதால் டிஸ்க்காகவே வேண்டும் என்றார்.

துண்டாக்கியதற்குக் காரணம் எளிது. அந்த ஸ்டூடியோ அப்போது வைத்திருந்த வெளி ஹார்டு டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டது. அந்த முறையில் ஒரு தனி ஃபைல் 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் போக முடியாது. இந்த இமேஜோ 4,65,17,12,512 பைட். டிஸ்க்கில் இடம் எவ்வளவு இருந்தாலும் ஒரே ஃபைலாக உள்ளே போகாது. அதனால் ஹெச்ஜேஸ்பிளிட் என்ற சின்ன மென்பொருளை வைத்து, துண்டுக்கு 1024 எம்பி என்று வெட்டியிருந்தார்கள். முதல் நான்கு துண்டுகளும் தலா 1,07,37,41,824 பைட், ஐந்தாவது 35,67,45,216 பைட். பெயர்களின் கடைசியில் .001 முதல் .005 வரை.

அந்தக் காலத்தில் இது வழக்கமான வேலைதான். பெரிய நிறுவனங்களே செய்தன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் சோலாரிஸ் 10-ஐ வெளியிட்டபோது, அதன் டிவிடி இமேஜை ஏ, பி, சி என்று பல துண்டு ஜிப்களாகத்தான் பதிவிறக்கத்துக்கு வைத்தார்கள். பிரித்தபின் ஒன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போது பிரவுசர்களிலும் சர்வர்களிலும் 2 ஜிபி எல்லை இருந்தது. அப்பாச்சி சர்வரில்கூட 2005 கடைசியில் வந்த 2.2 பதிப்புக்குப் பிறகுதான் 32-பிட் கணினிகளில் அந்த எல்லை நீங்கியது.

சரி, நம் கதைக்கு வருவோம். தம்பி சேர்த்த விதம் இது: கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, விண்டோஸின் காப்பி கட்டளையை '/பி' சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஐந்து பெயரையும் தட்டச்சு செய்யாமல், நட்சத்திரக் குறி போட்டு "இந்தப் பெயரில் உள்ள எல்லாத் துண்டும்" என்று பென் டிரைவைக் காட்டியிருக்கிறார். சேர்ந்த ஃபைல் போய் விழ வேண்டிய இடம் கணினியின் டி டிரைவ், அது என்டிஎஃப்எஸ், பெரிய ஃபைலையும் ஏற்கும் விண்டோஸ் முறை. 4.33 ஜிபி ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது முழு இமேஜ், வந்தது. டபுள் கிளிக் செய்தால் டிஸ்க் போட்ட மாதிரி மவுன்ட் ஆனது, உள்ளே வீடியோ ஃபோல்டர் தெரிந்தது. இம்க்பர்ன் என்ற மென்பொருளில் ரைட் செய்து, முடிந்ததும் வெரிஃபையும் ஓட்டியிருக்கிறார். பிழை ஏதுமில்லை.

பிளேயரில் போட்டால் மெனு வருகிறது, மாப்பிள்ளை அழைப்பு ஓடுகிறது, நலங்கு ஓடுகிறது. ஏறக்குறைய 55-ஆவது நிமிடத்தில் படம் உறைந்து நிற்கிறது. முகூர்த்தம் வரவே இல்லை.

"அண்ணே, வெரிஃபை நூறு சதவீதம் காட்டிச்சு. டிஸ்க்குதான் மட்டம்போல. வேற கம்பெனி வாங்கியும் பாத்துட்டேன்" என்றார்.

டிஸ்க் மேல் சந்தேகம்

அவர் சொன்னதில்தான் முதல் தடயம் இருந்தது. வேறு வேறு கம்பெனி டிஸ்க், நிற்கும் இடம் மட்டும் ஒன்றே. மலிவு டிஸ்க்கின் சாயப் பூச்சில் குறை என்றால் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் தடுக்கும். அதுவும் பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான். டிவிடியில் தரவு மையத்திலிருந்து 24 மில்லிமீட்டர் தொலைவில் தொடங்கி 58 மில்லிமீட்டர் வரை வெளிநோக்கிப் போகிறது. இந்தப் படம் நிற்கும் இடம் கணக்குப் போட்டால் 43 மில்லிமீட்டர் அருகே வருகிறது. அது டிஸ்க்கின் நடு உடம்பு, மட்டமான டிஸ்க்கில்கூட நன்றாக ரைட் ஆகும் பகுதி.

கொள்ளளவிலும் குறையில்லை. ஒற்றை அடுக்கு டிவிடி-ஆரில் 4,70,73,19,808 பைட் கொள்ளும், டிவிடி+ஆரில் 4,70,03,72,992. நம் இமேஜ் இரண்டுக்குள்ளும் அடங்கும்.

அப்புறம் அந்த வெரிஃபை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். ரைட் செய்து முடித்தபின் மென்பொருள் செய்யும் வெரிஃபை, டிஸ்க்கில் இருப்பதை ஹார்டு டிஸ்க்கில் உள்ள இமேஜோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்று என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இமேஜே தப்பாக இருந்தால், அந்தத் தப்பு பிசகில்லாமல் டிஸ்க்கில் ஏறியிருக்கிறது என்றுதான் நூறு சதவீதத்துக்கு அர்த்தம். ஆகவே டிஸ்க்கையும் ரைட்டரையும் ஒதுக்கிவைத்துவிட்டு இமேஜைப் பார்த்தோம்.

இமேஜ் சொன்ன சாட்சி

ஐஎஸ்ஓ 9660 முறைப்படி, 2048 பைட் அளவுள்ள செக்டர்களில் 0-விலிருந்து எண்ணினால் செக்டர் 16-இல் டிஸ்க்கின் விவரக் குறிப்பு இருக்கும். அதன் முதல் பைட் 1, அடுத்த ஐந்து பைட்டுகளில் 'சிடி001' என்ற எழுத்துகள் ஆங்கிலத்தில். அதே செக்டரின் 81-ஆவது பைட்டிலிருந்து டிஸ்க்கின் மொத்த செக்டர் எண்ணிக்கை. ஹெச்எக்ஸ்டி என்ற ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து பார்த்ததில் அடையாளம் சரியாக இருந்தது, எண்ணிக்கை 22,71,344. அதை 2048-ஆல் பெருக்கினால் 4,65,17,12,512. ஃபைலின் அளவும் அதுவே. எந்தத் துண்டும் விடுபடவில்லை, எதுவும் வெட்டுப்படவில்லை.

ஸ்டூடியோ துண்டாக்கிய காலத்தில் எம்டி5 மாதிரி சரிபார்ப்பு எண் (ஃபைலில் எது மாறினாலும் இதுவும் மாறிவிடும்) எதையும் எழுதி வைக்கவில்லை. அது இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாததால் படத்துக்குள்ளேயே சாட்சி தேட வேண்டியிருந்தது. நல்லவேளையாக டிவிடி வீடியோவில் அப்படி ஒரு சாட்சி இருக்கிறது.

டிவிடியின் வாப் ஃபைலில் படமும் ஒலியும் 2048 பைட் பொதிகளாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொதியும் 0, 0, 1, 186 என்ற நான்கு பைட்டுகளோடு தொடங்கும். சுமார் அரை நொடிக்கு ஒருமுறை, படமும் ஒலியும் இல்லாத வழிகாட்டிப் பொதி ஒன்று வரும். முன்னே பின்னே தாவவும், அடுத்து எங்கே படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் பிளேயர் இதைத்தான் பார்க்கிறது. அந்தப் பொதியின் 46-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட்டுகளில், படத்தொகுதியின் தொடக்கத்திலிருந்து தான் எத்தனையாவது செக்டர் என்பதை அதுவே சொல்லிக்கொள்கிறது. நான்கையும் இடமிருந்து வலமாக ஒரே எண்ணாகப் படிக்க வேண்டும். ஊர் எல்லையில் நட்டிருக்கும் மைல் கல் மாதிரி. யாராவது சாலையை வெட்டி இடம் மாற்றி ஒட்டினால் கல்லின் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

55-ஆவது நிமிடம் என்பது தரவில் சுமார் 46 சதவீதம். முதல் இரண்டு துண்டுகள் முடிந்து அடுத்தது தொடங்கும் ஒட்டும் அங்கேதான், சரியாக 10,48,576-ஆவது செக்டரில் வருகிறது. அதற்குச் சற்று முன்னால் செக்டர் 10,48,431-இல் ஒரு வழிகாட்டிப் பொதி. அதில் எழுதியிருந்த எண் 10,32,191. வித்தியாசம் 16,240, படத்தொகுதி தொடங்குவதும் செக்டர் 16,240-இல்தான், மெனுவெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கணக்கு ஒத்துப்போகிறது. ஒட்டைத் தாண்டி வரும் முதல் வழிகாட்டிப் பொதி செக்டர் 10,48,702-இல் இருந்தது. அதில் 10,32,462 இருக்க வேண்டும். இருந்தது 15,56,750.

வித்தியாசம் 5,24,288. துண்டின் அளவான 1,07,37,41,824-ஐ 2048-ஆல் வகுத்தாலும் அதே 5,24,288. அதாவது படம் முழுசாக ஒரு துண்டைத் தாண்டிக் குதித்திருக்கிறது. மூன்றாவது துண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்காவது உட்கார்ந்திருக்கிறது.

இதை உறுதி செய்ய, இமேஜுக்குள் இருக்கும் வாப் ஃபைல்களை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் நேரடியாகத் திறந்தோம். இரண்டாவது வாப்பின் கடைசிப் பகுதியில், நலங்கு நடந்துகொண்டிருக்கும்போதே பந்தியில் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். தாலி கட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில் இருந்தது. எதுவும் தொலைந்துபோகவில்லை என்று தெரிந்ததும் தம்பியின் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்க்க வேண்டும்.

பிளேயர் உறைந்ததற்கும் இதுதான் விளக்கம். ஒட்டுக்கு முன்னால் உள்ள வழிகாட்டிப் பொதி "அடுத்த பொதி இத்தனை செக்டர் தள்ளி" என்று சொல்கிறது. அங்கே போனால் வழிகாட்டிப் பொதி இல்லை, ஏதோ ஒரு படத்தின் நடுப்பகுதி கிடக்கிறது. ஃபைல்களின் பட்டியல், மெனு, முகவரி அட்டவணை எல்லாம் முதல் துண்டில் இருப்பதால் மவுன்ட் ஆவதிலும் மெனு வருவதிலும் சிக்கல் தெரியவில்லை. எல்லாத் துண்டுகளின் அளவும் 2048-ஆல் மீதியின்றி வகுபட்டதால் பொதிகளின் எல்லையும் நழுவவில்லை. துண்டுக்கு 100 கோடி பைட் என்று வெட்டியிருந்தால் செக்டர் நடுவிலேயே வெட்டு விழுந்து, குளறுபடி கொஞ்சம் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

வரிசை எப்படி மாறியது

பென் டிரைவை எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் .001, .002, .003, .004, .005 என்று ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் எக்ஸ்ப்ளோரர் பெயரை வைத்து அடுக்கிக் காட்டும் பழக்கமுடையது. கமாண்ட் பிராம்ப்டில் வெறும் 'டிர்' என்று கொடுத்தபோது வேறு வரிசை வந்தது: .001, .002, .004, .005, கடைசியில் .003.

என்டிஎஃப்எஸ் ஃபோல்டரில் பெயர்கள் அகரவரிசையிலேயே பதியப்படுகின்றன. பென் டிரைவில் இருந்த எஃப்ஏடி32-இல் அப்படியில்லை. ஃபைல்கள் எந்த வரிசையில் உள்ளே வந்தனவோ ஏறக்குறைய அந்த வரிசையில்தான் பட்டியலில் இருக்கும். காப்பி கட்டளை நட்சத்திரக் குறியைப் பார்த்ததும் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்து, கிடைத்த வரிசையிலேயே ஒட்டிவிடுகிறது. பெயரின் கடைசியில் இருக்கும் எண்ணுக்கு அது எந்த மதிப்பும் கொடுப்பதில்லை. இதே கட்டளையை இதே துண்டுகள் மேல் டி டிரைவில் ஓட்டியிருந்தால் சரியாக வந்திருக்கும். அதனால்தான் "எனக்கு எப்பவும் வேலை செய்யுதே" என்று பலர் இந்த நட்சத்திரக் குறியை நம்பிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

.003 ஏன் கடைசியில் வந்தது? ஸ்டூடியோக்காரரிடம் போனில் கேட்டோம். "அந்த மூணாவது மட்டும் இடம் பத்தாம வேற டிரைவ்ல போட்டு வச்சிருந்தேன் தம்பி. மத்த நாலும் ஏத்திட்டு, அப்புறமா அதைத் தேடி எடுத்துப் போட்டேன்" என்றார். அவர் செய்ததில் தவறே இல்லை. ஐந்தும் முழுதாகவே வந்து சேர்ந்தன.

சரிசெய்தது

ஐந்து துண்டுகளையும் முதலில் டி டிரைவில் ஒரு தனி ஃபோல்டருக்குக் கொண்டுவந்தோம். காப்பி கட்டளையில் '/பி' கொடுத்து, நட்சத்திரக் குறியை விட்டுவிட்டு, ஐந்து பெயரையும் வரிசையாகக் கூட்டல் குறியால் இணைத்து, கடைசியில் புதிய ஐஎஸ்ஓவின் பெயரைக் கொடுத்தோம். என்டிஎஃப்எஸ்ஸில் நட்சத்திரமே போதும் என்றாலும், பெயரை எழுதிவிட்டால் வரிசை நம் கையில் இருக்கிறது. அந்த '/பி' முக்கியம். ஃபைல்களை இணைக்கும்போது அது இல்லாவிட்டால் காப்பி கட்டளை எல்லாவற்றையும் வெறும் எழுத்து ஃபைலாக நினைத்து, 26 என்ற மதிப்புள்ள பைட்டைப் பார்த்ததும் அந்த ஃபைல் முடிந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளும். படத் தரவில் அந்த பைட் எங்கும் கிடக்கும். ஆனால் அந்தத் தப்பில் ஃபைல் சின்னதாகிவிடுவதால் உடனே தெரிந்துவிடும்.

ஹெச்ஜேஸ்பிளிட்டிலேயே சேர்க்கலாம், 7-ஜிப்பில் 'கம்பைன் ஃபைல்ஸ்' மூலமும் சேர்க்கலாம். இரண்டும் எண்ணைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தும். லினக்ஸில் 'கேட்' கட்டளைக்கு நட்சத்திரம் கொடுத்தால், பெயர்களை வரிசைப்படுத்தும் வேலையை ஷெல்லே செய்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியது எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருக்கிறதா என்பது. 1, 2, 10 என்று பெயர் இருந்தால் 10 இரண்டுக்கு முன்னால் போய் உட்காரும்.

இன்னொன்று. துண்டாக இருப்பதெல்லாம் இப்படி ஒட்டக்கூடியது என்று நினைத்துவிடக் கூடாது. வின்ரார் பிரித்த துண்டுகள் ஒவ்வொன்றிலும் அதற்கான தலைப்புத் தகவல் உண்டு. அவற்றை ரார் மென்பொருளில் திறந்து விரிக்கத்தான் வேண்டும், காப்பி கட்டளையில் ஒட்டினால் குப்பைதான். டிவிடியை இம்க்பர்னே படித்துத் துண்டாகச் சேமித்திருந்தால் ஐ00, ஐ01 என்ற துண்டுகளும் அவற்றைப் பற்றிய விவரமுள்ள ஓர் எம்டிஎஸ் ஃபைலும் இருக்கும். அங்கே ஒட்டவே வேண்டாம், எம்டிஎஸ்ஸைத் திறந்து நேராக ரைட் செய்யலாம்.

புதிய இமேஜில் நான்கு ஒட்டுகளின் இருபுறமும் வழிகாட்டிப் பொதிகளைப் பார்த்தோம். எல்லா இடத்திலும் வித்தியாசம் 16,240 மாறவில்லை. அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைத் தொட்டோம். பழைய பிளேயர் என்பதால் டிவிடி-ஆர் எடுத்து, 4 மடங்கு வேகத்தில் ரைட் செய்தோம். டிவிடியில் ஒரு மடங்கு என்பது நொடிக்கு சுமார் 1.385 எம்பி, ஆக இதற்குக் கால் மணி நேரம். முகூர்த்தம் அதன் இடத்தில் வந்தது.

விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையால் சேர்ந்த இமேஜுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்து, ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி ஸ்டூடியோவுக்கும் குடும்பத்துக்கும் கொடுத்தோம். துண்டாக்கும் எவரும் அன்றைக்கே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிமிடம் பிடிக்கும், பத்து வருடம் கழித்து யாரோ ஒருவருடைய ஹெக்ஸ் எடிட்டர் வேலையை மிச்சப்படுத்தும். முழு இமேஜை இப்போது, அந்த ஃபைல் அளவு எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் ஒரே ஃபைலாகவே வைத்திருக்கிறார்கள்.

துண்டே இல்லாவிட்டால்

அந்த ஸ்டூடியோவில் வேறு கல்யாணங்களின் துண்டுகளும் இருந்தன, எல்லாம் முழுதாக இல்லை. நடுத்துண்டு ஒன்று தொலைந்திருந்தால், இருப்பதை மட்டும் ஒட்டுவது நல்லதல்ல. பின்னால் வரும் எல்லாச் செக்டர்களும் முன்னால் நகர்ந்து முகவரிகள் பொய்யாகிவிடும். தொலைந்த துண்டின் அதே அளவில், பூஜ்யம் மட்டுமே உள்ள ஒரு ஃபைலை விண்டோஸின் எஃப்எஸ்யூட்டில் கட்டளையில் உருவாக்கி, அதன் இடத்தில் வைத்து ஒட்ட வேண்டும். பிளேயரில் நடுவில் நிற்கும், ஆனால் கணினியில் திறந்தால் மீதி வாப் ஃபைல்கள் அவற்றின் இடத்தில் இருக்கும்.

முதல் துண்டே இல்லை என்றால் ஃபைல் பட்டியலும் மெனுவும் போய்விட்டன, டிவிடியாக அதை மீட்க முடியாது. அப்போதும் படம் போய்விடவில்லை. வாப் தரவு தன்னளவில் முழுமையான பொதிகளால் ஆனது, ஸ்டூடியோ டிவிடியில் பூட்டும் இருப்பதில்லை. நடுத்துண்டின் பெயரில் .002 என்பதை எம்பிஜி என்று மாற்றி விஎல்சியில் திறந்தால் அப்படியே ஓடும். அப்படி ஒரு கல்யாணத்தை மற்ற நான்கு துண்டுகளிலிருந்து எம்பிஜி ஃபைல்களாகப் பென் டிரைவில் கொடுத்தோம். மெனு கிடையாது, ஆரம்பத்தின் அரை மணி நேரம் கிடையாது. தாலி கட்டுவதிலிருந்து மறுவீடு வரை இருக்கிறது.